கணவருக்குப் பின் தொடங்கிய ஆட்சி: பின் இடைக்கால இங்கிலாந்தின் அரச, பிரபுக் குடும்பப் பெண்கள்

பின் இடைக்கால இங்கிலாந்தில் அரச குடும்பத்துப் பெண்களும் பிரபுக் குடும்பத்துப் பெண்களும் உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள், தம் வாழ்க்கையின் மீது அவர்களுக்கு ஏதேனும் அதிகாரம் இருந்ததா, அல்லது கோட்டைச் சன்னலோரம் அமர்ந்து பூத்தையல் போடுவதோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்பதே கேள்வி. சுருக்கமாக விடை சொல்வதானால், அந்தப் பெண் அப்போது யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய விதவை என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் விலைபேசப்படும் சொத்தாக இருந்த அதே பெண், இருபத்தைந்தில் கணவரின் காரியங்களைப் பார்த்துக்கொள்பவளாகவும், நாற்பதில் பல மாவட்டங்களில் நிலம் ஆளும் எசமானியாகவும் இருந்திருக்கிறாள். ஏறத்தாழ 1300 முதல் 1500 வரையிலான இரு நூற்றாண்டுகளை எடுத்துக்கொண்டு, பெயரும் ஆண்டும் தெரிந்த சிலரை வைத்தே இதை விளக்க முயல்கிறேன்.

எதற்கும் முன்னால் நிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இப்பெண்களின் வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டது அனைத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. தந்தையின் நிலம் மூத்த மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் மட்டும் மகள்கள் அனைவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். திருமணமானதும் பெண்ணின் சட்ட இருப்பு கணவருக்குள் அடங்கிவிடும். அவர் உயிரோடிருக்கும் வரை அவள் தன் பெயரில் வழக்குத் தொடுக்கவோ, தன் நிலத்தைத் தானே விற்கவோ முடியாது. கணவர் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுடைய ஆயுள் வரை அவளுக்கு உரியது. இதை விதவைப் பங்கு என்று கொள்ளலாம். பதினான்காம் நூற்றாண்டில் இதன் மேல் இன்னொரு ஏற்பாடும் பரவியது. பெண் வீட்டார் சீதனமாகப் பெருந்தொகை கொடுக்க, அதற்கு ஈடாக மாப்பிள்ளை வீட்டார் சில நிலங்களைத் தம்பதியர் இருவர் பெயரிலும் கூட்டாக எழுதிவைத்தார்கள். ஒருவர் இறந்தால் எஞ்சியவர் அதை முழுவதுமாக அனுபவிக்கலாம். கணவர் அரசத் துரோகக் குற்றத்துக்கு ஆளானால் விதவைப் பங்கு பறிபோகும், ஆனால் கூட்டுரிமை நிலமும் அவள் பிறந்த வீட்டிலிருந்து பெற்ற நிலமும் பெரும்பாலும் தப்பும். தலைகள் அடிக்கடி உருண்ட அந்தக் காலத்தில் இந்த வேறுபாடு பல பெண்களைத் தெருவுக்கு வராமல் காப்பாற்றியது. மறுமணம் செய்துகொள்ளும்படி எந்த விதவையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சொல்லியிருந்தது. அரசரின் அனுமதியின்றி மறுமணம் செய்வதில்லை என்று அவள் உறுதி தர வேண்டும் என்பது நிபந்தனை.

விதவைப் பங்கும் கூட்டுரிமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்ஃபோக் டியூக் (பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்) குடும்பத்தின் கேத்தரின் நெவில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அவருடைய முதல் கணவரான டியூக் ஜான் மோப்ரே 1432இல் இறந்தார். கேத்தரின் அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார். அந்த ஐம்பது ஆண்டுகளும் குடும்ப நிலத்தின் பெரும் பங்கு அவர் கையில்தான் இருந்தது. அவருடைய மகன் 1461இல் இறந்தார், பேரன் 1476இல் இறந்தார், கொள்ளுப்பேத்தி 1481இல் இறந்தாள். பெயருக்கு டியூக் என்று இருந்த ஆண்கள் தம் பட்டத்துக்குரிய வருமானம் முழுவதையும் கண்ணாலும் காணாமல் போய்ச் சேர்ந்தார்கள். 1465இல், அறுபதைத் தாண்டியிருந்த கேத்தரினுக்கு நான்காம் எட்வர்டின் அரசிக்குத் தம்பியான ஏறத்தாழ இருபது வயது ஜான் வுட்வில் நான்காவது கணவராக வாய்த்தார். மணமகளுக்கு எண்பது வயது என்று மிகைப்படுத்தி எழுதிய அக்காலக் குறிப்பாளர் ஒருவர், அதைப் பிசாசின் திருமணம் என்று திட்டித் தீர்த்தார். இளம் மணமகன் 1469இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். கிழவி அவரையும் தாண்டி வாழ்ந்து, 1483இல் மூன்றாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவுக்கான ஆடையையும் பெற்றுக்கொண்டார்.

அந்தக் கொள்ளுப்பேத்தியின் கதை மறு கோடியில் நிற்கிறது. 1472 டிசம்பரில் பிறந்த ஆன் மோப்ரே, 1476இல் தந்தை இறந்ததும் நார்ஃபோக் சொத்து முழுவதற்கும் வாரிசானாள். 1478 ஜனவரியில், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் புனித ஸ்டீஃபன் சிற்றாலயத்தில், ஐந்து வயது ஆனுக்கும் நான்காம் எட்வர்டின் நான்கு வயது மகன் ரிச்சர்டுக்கும் திருமணம் நடந்தது. எட்டு வயதில், 1481 நவம்பரில், அவள் இறந்துபோனாள். குழந்தையில்லாத மனைவி இறந்தால் நிலம் அவளுடைய அடுத்த உறவினருக்குத் திரும்ப வேண்டும் என்பதே சட்டம். ஆனால் 1483 ஜனவரியில் கூடிய நாடாளுமன்றம், அந்த நிலம் சிறுவன் ரிச்சர்டிடமே இருக்கட்டும் என்று சட்டம் இயற்றிவிட்டது. இதனால் பங்கை இழந்த ஜான் ஹோவர்ட், அதே ஆண்டில் அரியணையைக் கைப்பற்றிய மூன்றாம் ரிச்சர்டின் பக்கம் சேர்ந்து நார்ஃபோக் டியூக் ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனின் ஈயச் சவப்பெட்டி 1964இல் கிழக்கு லண்டனில் கட்டட வேலை செய்த தொழிலாளர்களின் கண்ணில் பட்டது. மறு ஆண்டு அவள் மீண்டும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் செய்யப்பட்டாள்.

திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதும் ஆணுக்குப் பதினான்கு வயதும் நிறைந்த பின்னரே திருமணம் இருவரையும் கட்டுப்படுத்தும். அதற்கு முன் நடந்ததை மறுத்துவிடலாம். பன்னிரண்டு ஆனாலும் உடனே உடலுறவு தொடங்கக் கூடாது, சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும் என்பதே பிரபுக் குடும்பங்களின் பொது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் மீறப்பட்டதால் என்ன நேர்ந்தது என்பதை மார்கரெட் போஃபோர்ட்டின் வாழ்க்கை காட்டுகிறது. 1443இல் பிறந்த இவர், தந்தையின் சொத்துக்கு ஒரே வாரிசு. குழந்தைப் பருவத்தில் செய்துவைக்கப்பட்ட ஒரு திருமணம் ரத்தான பின், 1455இல் பன்னிரண்டு வயதில், தம்மைவிட இரு மடங்கு வயதுடைய எட்மண்ட் டியூடருக்கு மனைவியானார். பிள்ளை பிறந்தால் மனைவியின் நிலத்தைக் கணவர் தம் ஆயுள் முழுவதும் அனுபவிக்கலாம் என்ற சட்டம் இருந்ததால் எட்மண்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. 1456 நவம்பரில் அவர் கார்மார்தனில் கொள்ளைநோயால் இறந்தார். 1457 ஜனவரி 28 அன்று, வேல்ஸின் பெம்புரோக் கோட்டையில், பதின்மூன்று வயது விதவையாக மார்கரெட் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். அதுவே பின்னாளைய ஏழாம் ஹென்றி. அதன் பிறகு இரண்டு கணவர்கள் வந்தும் அவருக்கு இன்னொரு குழந்தை பிறக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, தம் பெயரையே தாங்கிய சிறு பேத்தியை ஸ்காட்லாந்து அரசருக்கு உடனே அனுப்பிவைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அவரும் சிறுமியின் தாயான அரசியும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஸ்காட்லாந்து அரசர் காத்திருக்க மாட்டார், பெண்ணின் உடம்பைக் கெடுத்துவிடுவார் என்று அவர்கள் அஞ்சுவதாக ஹென்றியே ஸ்பானியத் தூதரிடம் சொல்லியிருக்கிறார். தம் பதின்மூன்றாம் வயதைப் பற்றி மார்கரெட் வாய்விட்டுச் சொன்னதற்கு மிக அருகில் வரும் சான்று இதுதான்.

ஆனால் திருச்சபைச் சட்டத்தில் பெண்ணுக்குச் சாதகமான ஒரு சந்தும் இருந்தது. இருவர் மனமொப்பி வாக்குக் கொடுத்துவிட்டால், சாட்சியோ குருவோ பெற்றோர் சம்மதமோ இல்லாவிட்டாலும் திருமணம் செல்லும். முதலாம் எட்வர்டின் பேத்தியான கென்ட்டின் ஜோன் 1340இல், பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில், தாமஸ் ஹாலண்ட் என்ற போர்வீரரை ரகசியமாக மணந்துகொண்டார். அவர் போருக்குப் போன சமயம், குடும்பத்தார் ஜோனை சாலிஸ்பரி ஏர்லின் (டியூக்குக்குக் கீழான வரிசைப் பிரபு) மகனுக்குக் கட்டிவைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஹாலண்ட் போப்பாண்டவரின் நீதிமன்றத்துக்குப் போனார். 1349இல் முதல் திருமணமே செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஹாலண்ட் இறந்த மறு ஆண்டே, 1361இல், நாட்டின் பட்டத்து இளவரசர் ஜோனை மணந்தார். தாய் தந்தையர் பார்த்து வைக்கும் அரசியல் மணங்களே நடைமுறையாக இருந்த குடும்பத்தில் இரண்டு முறை தம் விருப்பப்படி மணந்துகொண்ட இவர், இரண்டாம் ரிச்சர்டின் தாயானார்.

மணமான பெண்ணின் அன்றாட வேலை என்ன என்றால், பெரிய நிறுவனம் ஒன்றை நடத்துவது என்று சொல்லலாம். பிரபுவின் வீட்டில் நூறு பேருக்கு மேல் உண்டு உறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும்கூட ஆண்களே. எசமானியின் தோழிகள், அறைப் பணிப்பெண்கள், செவிலிகள், சலவைக்காரிகள் ஆகியோர் மட்டுமே பெண்கள். கணவர் போரிலோ அரசவையிலோ இருக்கும் மாதங்களில் குத்தகை வசூல், நீதிமன்ற வழக்கு, அண்டை வீட்டாருடன் எல்லைத் தகராறு எல்லாம் மனைவியின் தலையில் விழும். பிரபு அந்தஸ்துக்கு ஒரு படி கீழே இருந்த நார்ஃபோக்கின் மார்கரெட் பாஸ்டன், 1448இல் லண்டனிலிருந்த கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். எதிரிகள் வீட்டைச் சூழ்ந்துவிட்ட நிலையில் குறுக்குவில்களும் அவற்றுக்கான அம்புகளும் வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டு, அதே கடிதத்தில் ஒரு பவுண்டு பாதாமும் ஒரு பவுண்டு சர்க்கரையும் பிள்ளைகளுக்கு உடுப்புத் துணியும் கேட்டிருக்கிறார்.

இதற்கிடையில் பிள்ளைப்பேறு. யார்க் டச்சஸ் செசிலி நெவில் பன்னிரண்டு பிள்ளைகளையாவது பெற்றார். அவர்களில் பாதிப் பேரே குழந்தைப் பருவத்தைத் தாண்டினார்கள். அரசியின் பிரசவத்துக்கென்று எழுதப்பட்ட விதிமுறைகள் டியூடர் அரசவையிலிருந்து கிடைத்துள்ளன. பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே அரசி உள்ளறைக்குள் போய்விடுவார்; கூரை, சுவர், சன்னல் எல்லாவற்றையும் திரைச்சீலை மூடும், வெளிச்சத்துக்கென ஒரே ஒரு சன்னல் மட்டும் அவர் விருப்பப்படி திறக்கும். அதன் பின் ஆண்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. வேளைக்கு வேண்டியவற்றை வாசல் வரை கொண்டுவந்து கொடுக்க, பரிமாறும் பொறுப்புகளைப் பெண்களே ஏற்றார்கள். 1486இல் வின்செஸ்டரில் ஏழாம் ஹென்றியின் அரசியான யார்க்கின் எலிசபெத் முதல் குழந்தையைப் பெறவிருந்தபோது தொங்கவிட்ட சீலைகளில் லில்லிப் பூச் சின்னங்கள் மட்டுமே இருந்தன. மனித உருவங்கள் அந்த நிலையிலுள்ள பெண்களுக்கு ஆகாது என்று கருதினார்கள். 1502 டிசம்பரில் அதே அரசியின் கைச்செலவுக் கணக்கில் ஒரு பதிவு இருக்கிறது: மாதாவின் இடைக்கச்சையைக் கொண்டுவந்த துறவிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ். பிரசவ வேதனையில் காக்கும் என்று நம்பப்பட்ட புனிதப் பொருள் அது. 1503 பிப்ரவரி 2 அன்று லண்டன் கோபுரக் கோட்டையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள், தம் முப்பத்தேழாவது பிறந்தநாளில், அரசி இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை.

செசிலி நெவிலின் முதுமைக் கால நாள் ஒன்று எப்படிக் கழிந்தது என்பதை அவருடைய வீட்டு ஒழுங்குமுறைக் குறிப்பு மணிக்கணக்கில் பதிந்துவைத்திருக்கிறது. 1460இல் கணவரையும் ஒரு மகனையும் போரில் இழந்து, இரண்டு மகன்கள் அரசர்களாக இருந்து இறந்ததையும் பார்த்துவிட்டு, பெர்காம்ஸ்டெட் கோட்டையில் அவர் வாழ்ந்த காலம் அது. காலை ஏழு மணிக்கு எழுவார். குருவானவர் காத்திருந்து அவரோடு சேர்ந்து காலைச் செபம் சொல்வார். அறையிலேயே ஒரு திருப்பலி, பிறகு சிற்றுண்டி, பிறகு சிற்றாலயத்தில் வழிபாடும் இன்னும் இரண்டு திருப்பலிகளும். பதினொரு மணிக்கு மதிய உணவு. உண்ணும்போது புனிதர் வரலாறோ புனித பிரிஜித்தாவின் தரிசனங்களோ உரக்க வாசிக்கப்படும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம், மனு கொடுக்க வந்தவர்கள் யாராயினும் அவரைப் பார்க்கலாம். அதன் பின் கால் மணி நேரம் தூக்கம். விழித்ததும் மாலை வழிபாட்டின் முதல் மணி அடிக்கும் வரை செபம். அப்போது கொஞ்சம் ஒயினோ பீரோ அருந்துவார். இரவு உணவின்போது, மதியம் வாசித்துக் கேட்டதைத் தம்மோடிருப்பவர்களுக்குத் தம் வாயாலேயே திருப்பிச் சொல்வார். பிறகு தோழிப் பெண்களோடு கண்ணியமான சிரிப்பும் பேச்சும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கோப்பை ஒயின், தனியறையில் இறைவனிடம் விடைபெறல், எட்டு மணிக்குப் படுக்கை.

இதைப் படித்துவிட்டு அவரைத் துறவி என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஒரு மணி நேரச் சந்திப்பைக் கவனியுங்கள். பரந்த நிலங்களின் எசமானி அங்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்திக் கால அட்டவணை அவருடைய அதிகாரத்துக்குக் குறுக்கே வராமல் அதற்கு ஒரு கௌரவத்தையும் கொடுத்தது.

அரசியின் நிலை மற்றப் பெண்களின் நிலையிலிருந்து சட்டப்படியே வேறுபட்டது. கணவர் உயிரோடிருக்கும்போதே தம் பெயரில் நிலம் வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. அவருக்கெனத் தனி ஆலோசனைக் குழு, தனி முத்திரை, தனி அதிகாரிகள் இருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அரசிக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஆண்டுக்குப் பத்தாயிரம் மார்க், அதாவது 6,600 பவுண்டுக்குச் சற்று மேல். வெளிப்பார்வைக்கு அவருடைய வேலை மன்னிப்புக் கேட்பது: பிரான்சின் கலே நகரம் 1347இல் மூன்றாம் எட்வர்டிடம் சரணடைந்தபோது ஆறு நகரத்தார் உயிருக்காக அவருடைய கர்ப்பிணி அரசி ஃபிலிப்பா மண்டியிட்டதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும், 1392இல் லண்டன் மக்கள் மீது சினம்கொண்ட இரண்டாம் ரிச்சர்டிடம் அரசி ஆன் பரிந்து பேசியதும் அவ்வகையைச் சேர்ந்தவை. அரசர் இறங்கிவருவதற்கு மானமுள்ள ஒரு வழி வேண்டும். மனைவியின் கண்ணீர் அதைக் கொடுத்தது. இரு தரப்புக்கும் தெரிந்தே ஆடப்பட்ட நாடகம் என்று இதை நான் கருதுகிறேன்; அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

அரசியின் உடம்பே ஒரு சின்னமாக இருந்தது என்பதற்கு 1466இல் நடந்த ஒரு விருந்து சாட்சி. நான்காம் எட்வர்ட் 1464இல் யாருக்கும் சொல்லாமல் மணந்துகொண்டவர் எலிசபெத் வுட்வில். சாதாரண நிலப்பிரபு வீட்டிலிருந்து வந்த விதவை, இரண்டு பிள்ளைகளின் தாய். முதல் அரச குழந்தை பிறந்த பின், தீட்டுக் கழிந்து அவர் தேவாலயத்துக்குப் போய்வந்த நாளின் விருந்தை, போஹீமியப் பிரபு ஒருவரின் கூட்டத்தோடு வந்திருந்த டெட்ஸல் என்பவர் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அரசி பொன் நாற்காலியில் தனியாக அமர்ந்து மூன்று மணி நேரம் உண்டார். அந்த நேரம் முழுவதும் யாரும் ஒரு சொல் பேசவில்லை. அவருடைய சொந்தத் தாயும் அரசரின் தங்கையும் அவர் முன்னால் மண்டியிட்டு நின்று, அவருக்கு முதல் உணவு பரிமாறப்பட்ட பின்னரே அமர்ந்தார்கள். பிறப்பைக் குறைசொல்லியவர்களுக்கு இதைவிட உரத்த பதில் கிடையாது.

இந்தப் பெண்களிடமிருந்து செல்வத்தைப் பறிப்பதற்கான வழிகளும் அவ்வளவே நயமாக வகுக்கப்பட்டிருந்தன. நான்காம் ஹென்றியின் விதவையான நவார் நாட்டு ஜோனின் விதவைத் தொகை, அரசின் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மாற்றாந்தாய் மகன் ஐந்தாம் ஹென்றி பிரான்ஸ் போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த 1419இல், சூனியத்தால் அரசரைக் கொல்ல முயன்றதாக அவர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. நிலங்கள் பறிக்கப்பட்டன, ஆனால் காவலில் இருந்தபோதும் நல்ல ஒயினும் நல்ல உடையும் தடையின்றிக் கிடைத்தன. உண்மையாகவே உயிருக்கு அஞ்சிய அரசர் சூனியக்காரியை இப்படிப் பராமரித்திருக்க மாட்டார். 1422இல் மரணம் நெருங்கியபோது, மனச்சாட்சி உறுத்தி, சொத்தைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டார். குளோஸ்டர் டச்சஸ் எலினார் காப்ஹாமுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1441இல் அரசரின் ஆயுளைச் சோதிடத்தால் கணிக்கச் செய்ததாகக் குற்றம் நிரூபிக்கப்பட்டு, கையில் மெழுகுதிரியோடு மூன்று நாட்கள் லண்டன் தெருக்களில் நடக்கவைக்கப்பட்டார், திருமணம் ரத்தானது, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை. பிரபுக் குடும்பப் பெண்களையும் ஆண்களைப் போலவே பிரபுக்கள்தான் விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டு வந்தது. அவருக்கு அது பயன்படவில்லை.

ஆயினும் சட்டத்தின் பெயரால் நடந்த கொடுமைகளில் என்னை மிகவும் உறுத்துவது வாரிக் கவுண்டஸ் (ஏர்லின் மனைவி) ஆன் போஷாம் அனுபவித்ததுதான். பரந்த சொத்து அவர் பிறந்த வீட்டுச் சொத்து. கணவரான வாரிக் ஏர்ல் 1471 ஏப்ரலில் பார்னெட் போர்க்களத்தில் துரோகியாக மடிந்தாலும் சட்டப்படி அதைத் தொட முடியாது. ஆனால் அவருடைய இரு மகள்களையும் மணந்த, அரசர் நான்காம் எட்வர்டின் தம்பிகளான கிளாரன்ஸ், குளோஸ்டர் இருவருக்கும் அந்த நிலம் வேண்டியிருந்தது. பியூலி மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த கவுண்டஸ், எழுத்தர் யாரும் இல்லாததால் தம் கையாலேயே அரசர், அரசி, அரசரின் தாய், அரசரின் மூத்த மகள் வரை எல்லாருக்கும் மடல் எழுதியதாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் சொல்கிறார். பலன் இல்லை. 1474இல் நாடாளுமன்றம், கவுண்டஸ் இயற்கையாக இறந்துவிட்டதாகவே கருதி அவர் சொத்தை மகள்களும் மருமகன்களும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. உயிரோடிருந்த பெண்ணை ஏட்டில் கொன்றார்கள். 1487இல் ஏழாம் ஹென்றி சொத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதைத் தமக்கே எழுதி வாங்கிக்கொள்வதற்காகத்தான். இரு மகள்களும் இரு மருமகன்களும் போன பின்னும் ஆன் 1492 வரை வாழ்ந்தார்.

அந்தச் சொத்தில் ஒரு பகுதி, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வேறொரு சகோதரிகள் கூட்டத்திடம் இருந்து வந்தது. 1314இல் பானக்பர்ன் போரில் குளோஸ்டர் ஏர்ல் கில்பர்ட் டி கிளேர் வாரிசின்றி மடிந்தபோது, எலினார், மார்கரெட், எலிசபெத் என்ற மூன்று சகோதரிகள் அவருடைய நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இவர்களில் இளையவரான எலிசபெத் டி பர்க், விதவையாக ஒரு பெண் எதையெல்லாம் சாதிக்க முடியும் என்பதற்கு ஆகச் சிறந்த சான்று. முதலாம் எட்வர்டின் பேத்தியான அவர், முதல் கணவர் 1313இல் இறந்து, 1316 தொடக்கத்தில் பிரிஸ்டல் கோட்டையில் இருந்தபோது தியோபால்ட் டி வெர்டன் என்பவரால் கவர்ந்து செல்லப்பட்டு அவருக்கு மனைவியானார். அந்தக் கணவர் ஆறு மாதத்தில் இறந்தார். மூன்றாம் கணவர் ரோஜர் டாமரி அரசர் தேர்ந்தெடுத்தவர். அவர் 1322இல் கிளர்ச்சியாளராகச் செத்தார். இருபத்தாறு வயதில் மூன்று முறை விதவை, மூன்று கணவர்கள் வழியாக மூன்று பிள்ளைகள்.

அடுத்த அடி சொந்த வீட்டிலிருந்தே வந்தது. மூத்த சகோதரி எலினாரின் கணவர் ஹியூ டெஸ்பென்சர், அரசரின் செல்வாக்கைக் கொண்டு, வேல்ஸிலிருந்த அஸ்க் பகுதியை எலிசபெத்திடமிருந்து மிரட்டிப் பிடுங்கி, மதிப்பில் குறைந்த கோவர் பகுதியை அதற்கு ஈடாகத் தந்து, பிறகு அதையும் பறித்துக்கொண்டார். எலிசபெத் அழுது புலம்பவில்லை. 1326 மே மாதம், கிளேர் கோட்டையில், தமக்கு இழைக்கப்பட்டதையெல்லாம் முறைப்படி எழுதி ரகசியமாக ஒரு மறுப்பு ஆவணம் தயாரித்து வைத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் டெஸ்பென்சர் தூக்கிலிடப்பட்டார், அஸ்க் திரும்பிவந்தது. அதன் பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் மறுமணம் செய்யவில்லை. 1340களில் ஆயர் முன்னிலையில் கற்பு விரதமும் ஏற்றார். விரதம் பூண்ட விதவை மேலங்கியும் மோதிரமும் அணிவாள்; ஆனால் அவள் கன்னியர் மடத்துக்குப் போக வேண்டியதில்லை, சொத்தைத் துறக்க வேண்டியதில்லை. கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட பெண்ணை எந்த அரசரும் தம் ஆட்களுக்குக் கட்டிவைக்க முடியாது என்பதால், அதைப் பக்தியும் பாதுகாப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த முடிவு என்றுதான் நான் பார்க்கிறேன்.

சஃபோக்கில் கிளேர், எசெக்ஸில் பார்ட்ஃபீல்டு, வேல்ஸில் அஸ்க் என்று அவருடைய வீடு இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஆண்டு வருமானம் மூவாயிரம் பவுண்டை ஒட்டியது. நாட்டின் ஏர்ல்கள் பலருக்கு அதைவிடக் குறைவு. அவருடைய வீட்டுக் கணக்குச் சுருள்கள் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன: ரொட்டிக்கு எவ்வளவு கோதுமை, எத்தனை குடம் பீர், எவ்வளவு ஒயின், கொட்டிலில் எத்தனை குதிரைகள், அன்று யார் விருந்தாளி என்று நாள்தோறும் எழுதிவைத்தார்கள். 1343இல் அவர் சீருடைத் துணி வழங்கியவர்களின் பட்டியல் இருநூறு பேருக்கும் மேல் நீளுகிறது. மூன்றாம் எட்வர்ட் அரசரே அவருக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் 1326இல் தொடங்கப்பட்டுப் பணமின்றித் தத்தளித்த கல்லூரி ஒன்றை 1338இல் தம் பொறுப்பில் எடுத்து, கிளேர் என்ற தம் குடும்பப் பெயரைக் கொடுத்தார். 1359இல் அதற்கு அவர் வழங்கிய விதிகளின் முன்னுரை, கொள்ளைநோய் ஏராளமான ஆண்களைக் கொண்டுபோனதால் கல்வி நலிந்து கிடப்பதைக் குறிப்பிடுகிறது. கல்லூரிச் சின்னத்தின் கறுப்பு விளிம்பில் பொன்னிறத் துளிகள் இருக்கின்றன. அவை மூன்று கணவர்களுக்காக அவர் சிந்திய கண்ணீர் என்று சொல்வார்கள். முதல் கணவருக்காக வேண்டுமானால் இருக்கலாம்.

மார்கரெட் போஃபோர்ட்டுக்குத் திரும்பி வருகிறேன், ஏனெனில் மற்றவர்கள் கணவர் இறந்த பின் பெற்ற உரிமையை அவர் கணவர் இருக்கும்போதே பெற்றார். மகனுக்காகச் சதி செய்தார் என்று 1484இல் மூன்றாம் ரிச்சர்டின் நாடாளுமன்றம் அவருடைய நிலங்களைப் பறித்து, அப்போதைய கணவர் தாமஸ் ஸ்டான்லியின் ஆயுள் வரை அவரிடமே ஒப்படைத்தது. மனைவி கணவருக்குள் அடக்கம் என்ற கோட்பாடு தண்டனையாகவே பயன்பட்டது. மறு ஆண்டு மகன் போரில் வென்று அரசரானதும் கூட்டிய முதல் நாடாளுமன்றம், அவர் கணவரைச் சாராத தனியாள் என்றும், தம் பெயரில் நிலம் வைத்திருக்கவும் வழக்காடவும் அவரால் முடியும் என்றும் அறிவித்தது. 1499இல், ஸ்டான்லி உயிரோடிருக்கும்போதே, அவருடைய அனுமதியுடன் கற்பு விரதம் பூண்டு, கோலிவெஸ்டனில் தனி வீடு அமைத்துக்கொண்டார். அங்கே அரசரின் சார்பில் மத்திய இங்கிலாந்தின் வழக்குகளை அவருடைய ஆலோசனைக் குழு விசாரித்தது. கேம்பிரிட்ஜில் 1505இல் கிறிஸ்ட் கல்லூரியை நிறுவினார். லத்தீன் கற்காமல் போனதை எண்ணி வருந்துவார் என்று அவருடைய ஆன்ம குரு ஜான் ஃபிஷர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சிலிருந்து பக்தி நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அவை அச்சிலும் வந்தன.

1509இல் மகன் இறந்தார். பேரன் எட்டாம் ஹென்றியின் முடிசூட்டு விழாவைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள், ஜூன் 29 அன்று மார்கரெட் இறந்தார். கடைசிப் பத்தாண்டுகளில் அவர் கையொப்பமிட்ட கடிதங்களில் மார்கரெட் என்ற பெயருக்குப் பின்னால் ஆர் என்ற ஒற்றை எழுத்து இருக்கிறது. கணவர் எட்மண்ட் டியூடர் வழியாக வந்த ரிச்மண்ட் என்ற பட்டத்தின் முதலெழுத்து என்று அதைப் படிக்கலாம், அரசி என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து என்றும் படிக்கலாம். எது என்று அவர் எங்கும் விளக்கவில்லை.